பின்வரிசைக் குரல்

மிஹ்ர் மாதம், தீர் நாள்

இன்று வீட்டை அளந்தார்கள். கயிறு பிடித்தவன் எங்கள் ஊர் மாஹ்தாத்தான். போன வருஷம் வரைக்கும் நெருப்புக் கோயிலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். இப்போது புது மார்க்கத்தில் சேர்ந்து, கோட்டை வாசல் காவலுக்குத் தலைவனாகிவிட்டான். பஸ்ராவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருக்கும் அரபிகளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் சரிபாதி கொடுத்துவிட வேண்டும் என்பது ஊரைப் பிடித்த அமீரின் உத்தரவு.

கயிறு முற்றத்துக்கு நடுவே விழுந்தது. கிணறு எங்கள் பக்கம். அடுப்பங்கரை அவர்கள் பக்கம்.

"கயித்தை ஒரு கை தள்ளிப் போடேன்டா" என்றேன்.

"அளவுன்னா அளவுதான் அண்ணே. நானா போடறேன்?"

என் மனைவி தேனக் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அடுப்பில் இருக்கிற நெருப்பு அவள் கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து சட்டியில் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் அணைந்ததில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வளர்த்தது அது ஒன்றைத்தான். "அடுப்பு அவங்களோடதா இருக்கட்டும். நெருப்பு என்னோடது. தினம் வந்து பார்த்துக்குவேன்னு சொல்லுங்க" என்றாள். யாரிடம் சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது? தலையாட்டி வைத்தேன்.

மிஹ்ர் மாதம், பஹ்ராம் நாள்

வந்துவிட்டார்கள். கணவன் பெயர் உமைர், போரில் கால் ஒடிந்து விந்தி நடக்கிற சிப்பாய். நம் பாஷையான பார்சியைச் சந்தையில் கற்ற அளவுக்குக் கொஞ்சம் பேசுகிறான். மனைவி ஸல்மா சின்னப் பெண். நம் பாஷையில் ஒரு சொல் தெரியாது. பிரயாணப் புழுதி இன்னும் புருவத்தில் இருந்தது.

வந்த அன்றே வினை. சாயங்காலம் சமைத்து முடித்த ஸல்மா, யாரும் செய்வது போல, ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றிவிட்டாள். அவர்கள் ஊரில் அப்படித்தான் போலிருக்கிறது. எங்களுக்கோ நெருப்பில் தண்ணீர் ஊற்றுவது குழந்தை முகத்தில் தலையணையை அமுக்குவது மாதிரி. புஸ்ஸென்று ஆவி எழும்பிய சத்தத்தைக் கேட்டு ஓடிய தேனக் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. ஸல்மா செம்பும் கையுமாக நடுங்கிக்கொண்டு நின்றாள். என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை, பாவம்.

மிஹ்ர் மாதம், ஸம்யாத் நாள்

தேனக்கின் தம்பி வர்ஸான் மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து நெருப்பு கொண்டுவந்தான். அதே பிறந்த வீட்டு நெருப்பு என்பதால் தேனக் கொஞ்சம் சமாதானமானாள். கூடவே அவனுடைய நாயும் வந்தது. இரண்டு கண்ணுக்கும் மேலே மஞ்சள் பொட்டு உள்ள நாய். நாலு கண் நாய் என்போம். எங்கள் ஜனத்தில் யார் செத்தாலும் அப்படிப்பட்ட ஒரு நாய் வந்து முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் பிணம் மலைக்குப் போகும். அங்கே கல் மேடையில் வெயிலுக்கும் பறவைக்கும் விட்டுவிடுவோம். மண்ணுக்குள் வைப்பது மண்ணுக்குச் செய்கிற பாவம்.

தேனக் ஸல்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து அடுப்பருகே உட்காரவைத்துச் சாம்பலை மூடக் கற்றுக்கொடுத்தாள். "அணைன்னு வாயால சொல்லாதே. தூங்க வை. சொல்லு, தூங்க வை."

"தூங்கு... வை" என்றாள் ஸல்மா.

என் வீட்டில் அரபிக்காரி பேசிய முதல் பார்சி இதுதான். தேனக் சிரித்துவிட்டாள். சிரித்ததும் இருமல் வந்தது. குளிர் தொடங்கினால் வருஷா வருஷம் வருகிற இருமல்தான்.

ஆபான் மாதம், கோர்தாத் நாள்

என் வேலை போயிற்று. கால்வாய்த் தலைமடையில் நின்று, யாருக்கு முறைத்தண்ணீர், எப்போது மடை திறக்கலாம் என்று கூவுகிறவன் நான். இந்தக் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். தேனக் அதற்காகவே என்னைத் திட்டாத நாள் இல்லை. கால்வாயின் மேல்பாதி அரபிகளின் கைக்கு மாறிவிட்டதாம். முறையை இனிமேல் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

மாஹ்தாத் வழியில் மடக்கினான். "உங்க தொண்டைக்கு வேற வேலை இருக்கு அண்ணே. வந்து பேர் குடுங்க. வீட்டுல எல்லாரும் சேர்ந்தாத்தான் மீதிப் பாதியும் உங்ககிட்ட நிக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

ஆபான் மாதம், ஸ்ரோஷ் நாள்

போனேன். எனக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தேனக்கைப் பற்றியும் கேட்டார்கள். சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பருப்பில் உப்பு கூட.

ஆபான் மாதம், ஸம்யாத் நாள். அவர்கள் கணக்கில் வெள்ளி

எங்கள் மாதத்தில் முப்பது நாளுக்கும் முப்பது பெயர். அவர்களுக்கு ஏழே ஏழுதான். ஏழு முடிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. இனி வெள்ளி தோறும் எனக்கு வேலை.

குதிரைச் சந்தை இருந்த இடத்தில் பள்ளிவாசல் எழுகிறது. முன்பாதிக்குச் சுவர் வந்துவிட்டது. பின்பாதியில் இடது பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. கோட்டை வாசலுக்குப் போகிற தெரு அப்படியே தெரியும். முன்வரிசையில் அரபிகள், பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்த நம்மவர்கள். இமாம் ஓதுவது நம்மவர்களுக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. ஒருவர் குனியும்போது இன்னொருவர் நிமிர்கிறார். அதனால் எல்லோருக்கும் பின்னால் நின்று நான் நம் பாஷையில் கூவ வேண்டும். குனி. நிமிர். நெற்றி வை. எழு. இந்த நாலு சொல்தான்.

பழக்க தோஷம், முதல் "குனி" கால்வாய்க் குரலிலேயே வந்துவிட்டது. இரண்டாம் வரிசையிலிருந்த கிழட்டு விவசாயி ஒருவர் மடை திறந்தாயிற்று என்று நினைத்து மண்வெட்டியைத் தேடிக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தார். தேனக்கிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கே போய்வந்தேன் என்று முதலில் சொல்ல வேண்டுமே. சொல்லவில்லை.

ஆதுர் மாதம், பஹ்மன் நாள்

தெரிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தது ஊருக்கே தெரியும். அவளுக்கும் ஏற்கெனவே தெரியுமாம், வாய்விட்டுக் கேட்காமல் இருந்திருக்கிறாள். தெரியாமல் இருந்தது மற்றது, அவள் பேரையும் சேர்த்து நான் கொடுத்தது. வீட்டுக்கு வந்த மாஹ்தாத் கிணற்றடியில் அவளைப் பார்த்து, "அண்ணி, உங்களுக்கு வெச்ச புதுப் பேரு அம்சமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறான்.

என் முன்னால் வந்து குடத்தை இறக்கிவைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என் பேரு என்னன்னு சொல்லுங்க" என்றாள்.

மூன்று வயல் தாண்டிக் கேட்கிற குரல் முனகலாகத்தான் வந்தது.

"வீடு நிக்கணுமேன்னு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

ஆதுர் மாதம், கோர்தாத் நாள்

பேசவில்லை.

ஆதுர் மாதம், தீர் நாள்

பேசவில்லை. சோறு வைக்கிறாள், துணி துவைக்கிறாள், என் பக்கம் பார்த்து ஒரு சொல் கிடையாது. இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. அதிமதுரம் வாங்கிவந்தேன். வாசற்படியில் வைத்தது வைத்தபடியே இருந்தது. மாலையில் ஸல்மா அதை எடுத்து தன் வீட்டுச் சரக்கு போலக் காய்ச்சிக் கொடுத்தாள். அதைத் தேனக் குடித்தாள்.

ஆதுர் மாதம், எந்த நாள் என்று மறந்துவிட்டது. வியாழன்

எழுந்திருக்க முடியவில்லை அவளால். ஸல்மாவே அவளை அடுப்பங்கரைக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்துக்கொண்டாள். நான் கயிறு விழுந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்தேன். தேனக் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இது அடுப்பு. இது சாம்பல். இது உப்பு. ஸல்மா பின்னாலேயே சொல்லிவந்தாள்.

அப்புறம் தேனக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "என்னை மண்ணுல வைக்கக் கூடாது. சொல்லு."

"என்னை... மண்ணுல... வைக்க கூடாது."

"இன்னொரு தரம்."

ஸல்மா இன்னொரு தரம் சொன்னாள். உப்பு, சாம்பல் மாதிரி அதுவும் ஒரு பாடம் என்று நினைத்திருப்பாள். சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல், புரியாத பெண்ணிடம் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்குக் காது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். எனக்காகத்தான் அந்தச் சத்தம். ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

அவள் கேட்பது சின்ன விஷயமா? புது மார்க்கத்தில் பேர் கொடுத்த வீட்டிலிருந்து பிணம் மலைக்குப் போனால், நான் சேர்ந்ததே பொய் என்று ஆகிவிடும். வீடு போகும். கழுத்தும் போகலாம்.

திங்கள்

வர்ஸானுக்கு ஆள் அனுப்பினேன். பனியில் வழி அடைத்துக் கிடக்கிறதாம்.

புதன்

ஸல்மா இப்போது தடுமாறாமல் பேசுகிறாள். "அக்கா கஞ்சி குடிச்சாங்க. அக்கா குளிருதுன்னாங்க." என் மனைவி எப்படி இருக்கிறாள் என்பதை ஓர் அரபிப் பெண் என் பாஷையில் எனக்குச் சொல்கிறாள்.

சனிக்கிழமை

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

வெள்ளி விடியும்போது ஸல்மா கயிறு விழுந்த கோடு தாண்டி வந்து என் எதிரில் நின்றாள். சாவுக்குரிய சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கொஞ்ச நேரம் தேடினாள். "அக்கா... தூங்க வைச்சாச்சு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். முகம் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தது. பேசாமலே போய்விட்டாள். ஒரு சொல், திட்டாகவாவது ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா அவள்?

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாஹ்தாத் வந்துவிட்டான், பள்ளிவாசல் ஆள் ஒருவரோடு. மரியாதையாகத்தான் பேசினார்கள். "தொழுகை முடிஞ்ச கையோட அடக்கம் பண்ணிடலாம் அண்ணே. குழி வெட்டச் சொல்லியாச்சு. நீங்க கவலைப்படாதீங்க. ஊர் மொத்தமும் வரும்."

"சரி" என்றேன். உண்மை அதுதான், சரி என்றுதான் சொன்னேன். மேலே எதுவும் செய்கிற எண்ணமே எனக்கு அப்போது இல்லை.

அவர்கள் போனார்கள். ஸல்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "என்னை மண்ணுல வைக்கக் கூடாது."

அவளுக்கு அர்த்தம் தெரிந்துதான் சொன்னாளா, அக்காவிடம் கற்ற வாக்கியங்களிலே பெரியதைத் துக்கத்துக்காகச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. குரல் ஏற்ற இறக்கம்கூட தேனக்கினுடையது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெயில் ஏறும்போது வர்ஸான் வந்து சேர்ந்தான், பனியை மிதித்து வந்த கோலத்தில், கூட ஒரு ஆளும் நாயுமாக. அக்காவை உயிரோடு பார்க்க வந்தவன். அழுது முடிக்கவிட்டேன். அப்புறம் சொன்னேன்.

"தொழுகை நேரத்துல தெருவுல ஒரு ஆள் இருக்காது. வாசல் காவல்காரங்க எல்லாரும் பின்வரிசையில நிப்பாங்க, மாஹ்தாத் உட்பட. வெளியூர் ஜனம் வந்து போறதால கதவு திறந்தேதான் இருக்கும். தூக்கிட்டுப் போயிடு."

"பள்ளிவாசல் இடது பக்கம் திறந்துல்ல கிடக்கு? அதைத் தாண்டித்தானே அத்தான் போகணும்? நிமிர்ந்தா பார்த்துடுவாங்களே."

"நிமிர மாட்டாங்க" என்றேன்.

உமைர் அடுப்பங்கரைச் சுவரோரம் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எவ்வளவு பார்சி புரியும் என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. நாய் உள்ளே போனபோது அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நாய் தேனக்கின் முகத்தைப் பார்த்தது. ஸல்மா சாம்பலை விலக்கி நெருப்பைத் தூண்டிவிட்டாள். அதற்கு மேல் அங்கே இருக்க எனக்கு நேரமில்லை. வேலைக்குப் போக வேண்டும்.

தொழுகை நடந்தது. குனி என்றேன், குனிந்தார்கள். நிமிர் என்றேன், நிமிர்ந்தார்கள். உமைர் தாமதமாக வந்து, அரபிகள் பக்கம் போகாமல் பின்வரிசையிலேயே நின்றுகொண்டான். கடைசி முறை, "நெற்றி வை" என்றேன். வரிசை வரிசையாக முதுகுகள் தாழ்ந்தன. தெருவில் காலடிச் சத்தம் கேட்டது.

இமாம் குரல் கொடுத்தார். முன்வரிசை எழுந்து உட்கார்ந்தது. பின்வரிசை என் சொல்லுக்காகக் காத்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு இவ்வளவு நேரம் ஆகுமா? யாரோ இருமினார்கள். ஒரு கிழவரின் முழங்கை நடுங்கியது. மாஹ்தாத் கடைசி வரிசையில், என் காலுக்கு முன்னாலேயே குப்புற இருந்தான். தெருக் கல்லில் நாயின் நகம் டக் டக்கென்று கேட்டது, எனக்குக் கேட்டால் அவனுக்கும் கேட்டிருக்கும். அவள் கம்பளிப் போர்வையின் ஓரம் கட்டிலுக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டு போனது. அதை நான்தான் வாங்கிக்கொடுத்தேன். நாய் ஒரு நொடி நின்று, இந்தப் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. அப்புறம் ஓடிப் போயிற்று.

பின்வரிசையில் எழுந்து உட்கார்ந்திருந்தவன் உமைர் ஒருவன்தான். அவனுக்கு என் சொல் வேண்டாமே. முடிக்கும்போது முகத்தை வலப்புறம் திருப்பினான், இடப்புறம் திருப்பினான். தெருவைப் பார்த்தான். பார்த்தபடியே கொஞ்சம் இருந்தான். எழுந்து விந்தி விந்தி வெளியே போனான். கட்டிலை மறிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

கட்டில் கோட்டை வாசலைத் தாண்டியது. "எழு" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

மாஹ்தாத்தும் மற்றவர்களும் என்னோடு வீட்டுக்கு வந்தார்கள். படுக்கை காலி. அடுப்பருகில் ஸல்மா கல்லாக உட்கார்ந்திருந்தாள். "எங்கே?" என்று கேட்டவனுக்கு அவள் இடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். போனோம். அங்கே உமைர், ஒடிந்த காலை ஊன்றிக்கொண்டு, குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் மூடிவிட்டான்.

"தாமதம் நல்லா இல்லே" என்றான், அவனுடைய சந்தைப் பார்சியில். "சீக்கிரம் வைக்கணும். நான் வைச்சேன். நான் பார்த்தேன்."

மாஹ்தாத் குழியைப் பார்த்தான், உமைரைப் பார்த்தான். ஓர் அரபி நான் பார்த்தேன் என்று சொன்ன பிறகு அவனால் என்ன பேச முடியும்? மண்வெட்டியை வாங்கி மீதியை அவனே மூடினான்.

வெறும் மண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்று என் மனைவிக்காகத் தொழுதார்கள். இந்தத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றி வைப்பதும் இல்லையாம், எல்லோரும் நின்றபடியே. என் குரலுக்கு வேலை இருக்கவில்லை.

ஞாயிறு

உமைரிடம் நன்றி சொல்லப் போனேன். "என்ன நன்றி?" என்றான். "நான் ஒண்ணும் பார்க்கலே. இடது பக்கம் வெயில், கண்ணு கூசுது." ஸல்மா நெருப்பைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்

இனி கூவ மாட்டேன், தொண்டை போய்விட்டது என்று சொல்லிவிடுவதாக முடிவு.

வியாழன்

மாஹ்தாத் வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"போன வெள்ளி பின்வரிசை அவ்வளவு நேரம் நெற்றி எடுக்காம இருந்ததை யாரோ இமாம்கிட்ட சொல்லியிருக்காங்க அண்ணே. அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சாம். புதுசா சேர்ந்தவங்களுக்கு இருக்கிற பணிவு நமக்கு இல்லையேன்னாராம். இனிமே ஒவ்வொரு வெள்ளியும் அதே மாதிரி கடைசியில நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கார்."

"எனக்குத் தொண்டை சரியில்லடா. வேற ஆளைப் பாரு."

அவன் குவளையைக் கீழே வைத்தான். "நீங்க நின்னுட்டா, ஏன் நின்னாருன்னு கேப்பாங்க. என்னைக் கேட்டா, அன்னிக்குத் தெருவுல நாய் நகம் கேட்டுச்சுன்னு நானும் சொல்ல வேண்டி வரும். எதுக்கு அண்ணே அதெல்லாம்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அவன் அம்மாவும் அந்த மலையில்தான் கிடக்கிறாள். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வெள்ளி

நிறுத்தி வைத்தேன்.

வெள்ளி

மர்வ் நகரத்திலிருந்து வந்த ஒருவர், இந்த வழக்கம் உங்கள் ஊரில் எப்படி வந்தது என்று கேட்டார். எங்கள் ஜனத்துக்குப் பணிவு ஜாஸ்தி என்று மாஹ்தாத் சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார். ஒரு கட்டில் பள்ளிவாசலிலிருந்து கோட்டை வாசலைத் தாண்டுகிற நேரம். அதை எப்படிச் சொல்வது? "பழக்கத்துல வர்றதுதான்" என்றேன்.

வெள்ளி

இடது பக்கச் சுவரை எழுப்பிவிட்டார்கள். இனி தெரு தெரியாது. எனக்கு மட்டும் கேட்கிறது. முதலில் காலடி, அப்புறம் நகம். போர்வை ஓரம் தொங்குகிறது. நாய் நின்று பார்க்கிறது. எல்லாம் வாசலைத் தாண்டிப் போன பிறகு எழு என்கிறேன், அவர்கள் எழுகிறார்கள்.

ஸல்மா கஞ்சி வைத்துக் கூப்பிடுகிறாள். நேரமாகிவிட்டது என்கிறாள், அச்சு அசலாகத் தேனக் மாதிரியே. போக வேண்டும்.